தேய்ந்த பாகமும் தேயாத அளவும்

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் வழியில் கப்பலூர் என்றோர் ஊர் இருக்கிறது. பெயரில் கப்பல் உண்டு; ஆனால் கடலோ வெகு தொலைவில். அங்கே நாம் காண்பது பஞ்சாலையும் தொழிற்பேட்டையுமே. அத்தகைய தொழிற்பேட்டையில், லேத் எனப்படும் கடைசல் எந்திரம் ஓடும் பட்டறை ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். நூறாண்டுப் பழமை கொண்ட கப்பல் எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி வந்து அப்பட்டறையின் வாசலில் இறக்கி, “இதில் நான்கு பாகங்கள் உடைந்துவிட்டன, இரண்டைக் காணவில்லை. மாற்றுப் பாகம் செய்து தருவீர்களா?” என்று ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரர் என்ன செய்வார்?

கடையில் வாங்கி வாருங்கள் என்று அவர் சொல்ல முடியாது. அந்தப் பாகம் எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் அனுபவம் மிக்க பட்டறைக்காரராக இருந்தால், “முடியாது” என்றும் சொல்லமாட்டார். அளவுகோலைத்தான் முதலில் எடுப்பார். அவர் அளவுகோலை எடுப்பதற்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் பெரும்பகுதி கப்பல்களுக்காகவே நடந்தது என்பது வியப்பூட்டும் செய்தி.

ஏன் கிடைப்பதில்லை?

பழைய எஞ்சினுக்குப் பாகம் கிடைக்காமைக்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, செய்த கம்பெனி இருக்காது. மூடப்பட்டிருக்கும், அல்லது வேறொன்றில் இணைந்து பெயர் மாறியிருக்கும். சுவீடன் நாட்டில் போலிண்டர் என்ற கம்பெனி, மீன்பிடி படகுகளுக்கும் சிறு கப்பல்களுக்கும் எண்ணெய் எஞ்சின்கள் செய்து உலகெங்கும் அனுப்பி வந்தது. 1932-இல் அது முங்டெல் என்ற கம்பெனியுடன் இணைந்தது. 1950-இல் அந்தக் கூட்டுக் கம்பெனியை வால்வோ வாங்கிவிட்டது. ஆகவே போலிண்டர் எஞ்சினுக்குப் படம் தேடுபவர் போலிண்டரின் முகவரியைத் தேடிப் பயனில்லை. அதன் வாரிசு யார் என்று முதலில் கண்டறிய வேண்டும். பழைய எஞ்சினைப் புதுப்பிப்பவர் பாதிப் பொறியாளர், பாதி வரலாற்றாசிரியர் எனலாம்.

இரண்டாவது, மிகப் பழைய எஞ்சின்களின் பாகங்கள் ஒன்றுக்கொன்று கையால் இழைத்துப் பொருத்தப்பட்டவை. ஒரே பட்டறையில் செய்த இரு எஞ்சின்களிடையேகூடப் பாகங்களை மாற்றிப் போட இயலாது. பழைய எஞ்சினைக் கழற்றினால் சில மரையாணியிலும் அதன் நட்டிலும் ஒரே எண் பொறித்திருப்பதைக் காணலாம். ஏழாம் எண் ஆணிக்கு ஏழாம் எண் நட்டு மட்டுமே சேரும் என்பதே அதன் பொருள்.

மூன்றாவது, அளவு முறையே மாறிவிட்டது. அன்று அங்குலம், இன்று மில்லிமீட்டர். மரையின் வடிவமும் மாறிவிட்டது.

கப்பல் தந்த பாடம்

“ஒரு பாகத்தைப் போலவே இன்னொரு பாகம்” என்ற கருத்து இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. சைக்கிள் கடையில் ஒரு நட்டு கேட்டால் தருகிறார்கள், அது பொருந்துகிறது. ஆனால் 1800-ஆம் ஆண்டளவில் இது கனவாகவே இருந்தது.

அன்றைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றுக்குக் கயிறுகளை இழுக்க ஏறத்தாழ ஆயிரம் மரக் கப்பிகள் தேவைப்பட்டன. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கப்பிகள் வேண்டியிருந்தன. அவற்றைக் கையால் செதுக்கி மாளவில்லை. மார்க் புரூனல் என்பவர் இதற்கென எந்திரங்களை வடிவமைத்தார். ஹென்றி மாட்ஸ்லே அவற்றைச் செய்து கொடுத்தார். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிறுவப்பட்ட அந்த எந்திரங்கள் 1808-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,30,000 கப்பிகளைச் செய்தன. 110 கைவினைஞர்கள் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தனர். எந்தக் கப்பியும் அதே அளவுள்ள மற்றொரு கப்பிக்கு மாற்றாக நின்றது.

மாட்ஸ்லேயின் பெயரை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மரை வெட்டும் கடைசல் எந்திரத்தைச் செம்மைப்படுத்தியவர் அவர். அவருடைய பட்டறையில் ஒரு திருகு அளவி இருந்தது. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் கம்பியின் விட்டத்தை அளக்கப் பயன்படுத்துகிறீர்களே, அதன் முன்னோடி அது. தொழிலாளர்களுக்கிடையே “யார் அளவு சரி?” என்று வாதம் எழும்போது அந்தக் கருவிதான் கடைசித் தீர்ப்பு வழங்கும். அதனால் அதற்கு “லார்டு சான்சலர்” என்று இங்கிலாந்தின் தலைமை நீதிபதிப் பதவியின் பெயரையே வைத்திருந்தனர்.

மாட்ஸ்லேயிடம் தொழில் பயின்றவர்களுள் ஜோசப் விட்வொர்த் ஒருவர். அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. விட்வொர்த் பல பட்டறைகளின் மரையாணிகளைச் சேகரித்து, அளந்து, சராசரி கண்டு, ஒரு பொது முறையை 1841-இல் முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்று ஒரு பட்டியல்.

இதன் பயன் கிரிமியப் போரின்போது வெளிப்பட்டது. 1853 முதல் 1856 வரை நடந்த அப்போரில் பிரிட்டனுக்குச் சிறு பீரங்கிப் படகுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. அவற்றுக்கு எஞ்சின் செய்யும் பொறுப்பு கிரீனிச்சில் இருந்த ஜான் பென் என்ற கப்பல் எஞ்சின் கம்பெனியிடம் வந்தது. ஒரு பட்டறை மட்டும் செய்தால் போர் முடிந்தபின்தான் எஞ்சின் வரும். ஜான் பென் என்ன செய்தார் தெரியுமா? மாதிரி எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் நாட்டின் சிறந்த பட்டறைகளுக்கு அனுப்பினார். “இதைப் போல இத்தனை செய்து அனுப்புங்கள்” என்றார். விட்வொர்த் மரையும் அளவும் பரவியிருந்ததால் பல ஊர்களில் செய்த பாகங்கள் ஓரிடத்தில் வந்து பொருந்தின. தொண்ணூறு நாட்களில் ஏறத்தாழ தொண்ணூறு எஞ்சின்கள் உருவாயின என்று பொறியியல் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

ஒரு பாகத்தைப் பார்த்து, அதைச் செய்தவரையே பாராத ஒருவர், அதைப் போல இன்னொன்றைச் செய்ய முடியும் என்று கப்பல் எஞ்சின் அன்று நிரூபித்தது. இன்று பழைய எஞ்சினைப் புதுப்பிப்பவர் நம்பியிருப்பதும் இதைத்தான்.

அரை அங்குலத்தின் சண்டை

பொதுமுறை வந்ததும் தொல்லை தீர்ந்ததா? இல்லை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் வேறொரு முறையை வகுத்தார். அதில் மரையின் கோணம் 60 பாகை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை அங்குல விட்வொர்த் ஆணியில் அங்குலத்துக்கு 12 மரைகள். அரை அங்குல அமெரிக்க ஆணியில் 13 மரைகள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகவே முதலாவதில் புரியிடைத் தூரம் ஏறத்தாழ 2.12 மி.மீ.; இரண்டாவதில் 1.95 மி.மீ. ஒரு சுற்றுக்கு வேறுபாடு 0.16 மி.மீ. மட்டுமே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நட்டு முதல் சுற்றில் உள்ளே போகும். மூன்றாவது சுற்றுக்குள் வேறுபாடு அரை மில்லிமீட்டரை எட்டும். நட்டு இறுகி நின்றுவிடும். அப்போதும் விடாமல் ஸ்பானர் போட்டு முறுக்கினால் நூறாண்டு காத்த ஆணியின் மரை நொடியில் சிதைந்துவிடும். பழைய எஞ்சின்களில் பாதி காலத்தால் கெட்டவை. மீதி இப்படிப்பட்ட அவசரத்தால் கெட்டவை.

இரண்டாம் உலகப் போரில் இந்த வேறுபாடு நேச நாடுகளுக்குப் பெருந்தொல்லை தந்தது. பின்னர் 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் சேர்ந்து 60 பாகையில் ஒரு பொது மரையை ஏற்றன. இந்தியாவில் 1947-இல் இந்தியத் தர நிர்ணயக் கழகம் தோன்றியது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனவே நம் நாட்டில் ஒரு பழைய ஆங்கில எஞ்சினைப் பிரிப்பவர், மறைந்துபோன ஓர் அளவு மொழியைப் படிக்கக் கற்றாக வேண்டும். குழாய் மரைகளில் மட்டும் விட்வொர்த்தின் 55 பாகை இன்றும் வாழ்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரையில் அவரைக் காணலாம்.

ஏரியில் பிழைத்த எஞ்சின்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கனிகா ஏரி உள்ளது. ஜெர்மனியில் 1913-இல் கட்டப்பட்ட “கிராஃப் ஃபான் கோட்சன்” என்ற நீராவிக் கப்பல், பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ 5,000 பெட்டிகளில் அடைக்கப்பட்டு அந்த ஏரிக்கு அனுப்பப்பட்டது. அங்கே மீண்டும் பூட்டப்பட்டு 1915-இல் நீரில் இறங்கியது. மறு ஆண்டே எதிரிப் படைகள் நெருங்கின. கப்பலை அவர்களிடம் விடலாகாது என்று ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தனர். மூழ்கடிக்குமுன் ஒரு காரியம் செய்தனர்: எஞ்சின்களின் மீது கெட்டியாகக் கிரீஸ் பூசினர்.

இடையில் ஒருமுறை மேலே எடுக்கப்பட்டு, மறுபடியும் மூழ்கிய அக்கப்பலை 1924-இல் பிரிட்டிஷார் தூக்கி நிறுத்தினர். எஞ்சினைத் திறந்து பார்த்தபோது அது பயன்படும் நிலையிலேயே இருந்தது! 1927-இல் “லியெம்பா” என்ற புதுப்பெயருடன் கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் நீராவி எஞ்சின்கள் 1970-கள் வரை உழைத்தன. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். கிரீஸ் இரண்டையும் நெருங்கவிடவில்லை. கிடைக்காத பாகத்தைத் தேடுவதைவிட, இருக்கும் பாகத்தைக் காப்பது எளிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

தென் அமெரிக்காவில் டிட்டிகாகா ஏரியில் “யாவரி” என்றொரு கப்பல். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரி அது. 1862-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட கப்பலின் பாகங்கள், கோவேறு கழுதைகளின் முதுகில் ஆண்டீஸ் மலையேறின. கழுதை சுமக்கக்கூடிய எடைக்கு மேல் எந்தப் பாகமும் இருக்கலாகாது என்பதே வடிவமைப்பாளருக்கு இடப்பட்ட விதி. 1870-இல் கப்பல் நீரில் இறங்கியது. 1914-இல் அதன் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு, நான்கு சிலிண்டர் போலிண்டர் எண்ணெய் எஞ்சினைப் பொருத்தினர்.

இந்த எஞ்சினில் சிலிண்டரின் தலையில் குமிழ் போன்ற ஓர் அறை இருக்கும். முதலில் அதை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்ச வேண்டும். சூடான குமிழில் எண்ணெய் தெளித்ததும் தீப்பற்றும். பின்னர் எரிதலின் வெப்பமே குமிழைச் சூடாக வைத்திருக்கும். அழுத்தம் குறைவு, வேகம் குறைவு, நுட்பமான பாகங்களும் குறைவு. அதனால்தான் இத்தகைய எஞ்சினைச் சாதாரணப் பட்டறையிலேயே பழுது பார்க்க முடிகிறது. 1987-இல் ஆர்வலர்கள் அக்கப்பலை வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கினர். பல ஆண்டு உழைப்புக்குப் பின் பழைய போலிண்டர் மீண்டும் ஓடியது.

மலையேறிய உறவினர்

நம் தமிழகத்துக்கு வருவோம். கப்பல் எஞ்சினின் நெருங்கிய உறவினர் ஒருவர் இங்கே நீலகிரி மலையேறிக்கொண்டிருக்கிறார். மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயிலின் “எக்ஸ்” வகை நீராவி எஞ்சினைத்தான் சொல்கிறேன்.

நீராவியை ஒரு சிலிண்டரில் விரியவிட்டு, அதன் எஞ்சிய அழுத்தத்தை வீணாக்காமல் அடுத்த பெரிய சிலிண்டருக்கு அனுப்பி மறுபடியும் வேலை வாங்குவது கூட்டு எஞ்சின் முறை. நடுக்கடலில் நிலக்கரி வாங்க முடியாதல்லவா? அதனால் கப்பல்களே இம்முறையைப் பெரிதும் வளர்த்தன. 1881-இல் வெளிவந்த “அபர்தீன்” கப்பல் நீராவியை மூன்று படிகளில் விரித்து வெற்றி கண்டது. நீலகிரி எஞ்சினிலும் இதே தத்துவம்தான். உயர் அழுத்தச் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. செங்குத்தான பாதையில், அவை விட்ட நீராவி தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்குப் போய்ப் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது.

இந்த எஞ்சின்களை 1914 முதல் செய்து அனுப்பியது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்த கம்பெனி. கடைசித் தொகுதி 1952-இல் வந்தது. அதன் பின் பாகம் கேட்டு எழுத முகவரி இல்லாத நிலை படிப்படியாக வந்தது. தேய்ந்த பாகங்களுக்கு மாற்றுகளை நம் ரயில்வே பட்டறைகளே செய்து வந்தன. பாகம் பாகமாகக் கற்ற பாடம் வீண்போகவில்லை. திருச்சி பொன்மலைப் பட்டறை 2011-க்கும் 2014-க்கும் இடையில் எண்ணெயில் எரியும் நான்கு புதிய “எக்ஸ்” எஞ்சின்களை முழுமையாகவே செய்தது. 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து முடித்தது. மாற்றுப் பாகம் செய்யத் தெரிந்தவர்கள் கடைசியில் முழு எஞ்சினையே செய்துவிட்டார்கள்!

சென்னைப் பெரம்பூர்ப் பட்டறையின் சாதனையும் சிறியதன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்யப்பட்ட “இ.ஐ.ஆர். 21” என்ற எஞ்சின், நீண்ட காலம் காட்சிப்பொருளாக நின்று சிதைந்திருந்தது. பெரம்பூரில் அதற்கு மறுவாழ்வு கிடைத்து, 2010 ஆகஸ்டு 15 அன்று மீண்டும் ஓடியது. அதே ஆண்டில், அதே ஊரில் பிறந்த “ஃபேரி குவீன்” எஞ்சினின் பல பாகங்கள் 2011-இல் களவு போயின. அவற்றுக்கு மாற்றுச் செய்யப்பட்டு, 2012 டிசம்பரில் அதுவும் தண்டவாளம் ஏறியது. திருடன் எடுத்துச் சென்றது உலோகத்தை மட்டுமே. அளவை அவனால் எடுத்துச் செல்ல இயலவில்லை.

தேய்ந்ததை அளப்பது எப்படி?

இப்போது பட்டறைக்காரரின் அளவுகோலுக்குத் திரும்புவோம். பழைய பாகத்தை அளந்து அப்படியே செய்தால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் பொறி இருக்கிறது. தேய்ந்த பாகத்தை நகலெடுத்தால் தேய்வும் சேர்ந்தே நகலாகும்.

ஒரு சுழலும் அச்சின் விட்டம் 101.2 மி.மீ. என்று அளவி காட்டுவதாகக் கொள்வோம். மெட்ரிக் முறையில் மட்டும் பழகியவர் “101 என்று வைத்துக்கொள்ளலாம்” என்பார். வரலாறு அறிந்தவர் 101.6 என்பார். ஏன்? நான்கு அங்குலம் என்பது 101.6 மி.மீ. பழைய ஆங்கில வடிவமைப்பாளர் முழு அங்குலத்தில்தான் பெரும்பாலும் அளவு குறித்திருப்பார். மீதி 0.4 மி.மீ. காலம் தின்றது. இந்த ஊகத்தைச் சரிபார்க்கத் தேயாத இடம் ஒன்றைத் தேட வேண்டும். சிலிண்டரில் பிஸ்டன் வளையம் எட்டாத மேல் விளிம்பும், அச்சில் தாங்கிக்கு வெளியே உள்ள பகுதியும் பிறந்தபோதிருந்த அளவைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது வார்ப்பு. உடைந்த பாகத்தையே மணலில் பதித்து, அந்த அச்சில் இரும்பைக் காய்ச்சி ஊற்றினால் என்ன ஆகும்? வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். 500 மி.மீ. சக்கரம் 495 மி.மீ. ஆகிவிடும். அதனால்தான் மர மாதிரி செய்யும் தச்சர், சுருக்கத்துக்கு ஈடாகச் சற்றே நீட்டிக் கோடிட்ட தனி அளவுகோலை வைத்திருப்பார். வெண்கலத்துக்குச் சுருக்கம் இன்னும் அதிகம். அதற்கு வேறு கோல். கடைந்து எடுக்க வேண்டிய முகங்களில் கூடுதல் கனமும் விட வேண்டும்.

மூன்றாவது, உலோகம். “எதற்கும் இருக்கட்டும், உறுதியான உலோகமாகப் போடுவோம்” என்பது கேடு தரும் யோசனை. 1839-இல் ஐசக் பேபிட் என்பவர், வெள்ளீயம் மிகுந்த மென்மையான ஓர் உலோகக் கலவையைத் தாங்கிகளின் உட்பூச்சுக்கென அறிமுகப்படுத்தினார். அது மென்மையாக இருப்பது குறையல்ல. அதுவே அதன் கடமை. தாங்கி தேய்ந்து அச்சைக் காக்க வேண்டும். தாங்கியை மறுபடி உருக்கி ஊற்றுவது அரை நாள் வேலை. அச்சைப் புதிதாகச் செய்வது பெரும்பாடு. தாங்கியைக் கடினமாக்கினால் அச்சு தேயும்.

கடலில் ஓடும் எஞ்சினுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வெண்கல ஆணி இருந்த இடத்தில், நிறம் ஒன்றுதானே என்று பித்தளை ஆணியைப் போட்டால், உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்லக் கரைத்துவிடும். எஞ்சுவது கடற்பஞ்சு போன்ற செம்பு. வெளித்தோற்றத்தில் ஆணி அப்படியே இருக்கும். ஒருநாள் கையால் முறித்தாலே முறியும். இரு வேறு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் அங்கே ஒரு வோல்டா மின்கலம் பிறக்கிறது என்று நீங்கள் பாடத்தில் படித்ததன் விலை இது.

நம் நாட்டின் பங்கு

பழைய எஞ்சின் உலகில் இந்தியாவுக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1929-இல் அறிமுகப்படுத்திய மெதுவேக டீசல் எஞ்சின், உலகின் பல மூலைகளில் மாவரைக்கவும் நீர் இறைக்கவும் மின்சாரம் தரவும் உழைத்தது. கிணற்றில் கமலை ஓடிய இடத்தில் எண்ணெய் எஞ்சின் வந்தபோது நம் விவசாயிகளும் அந்த வகை எஞ்சின்களோடு பழகினர். இங்கிலாந்தில் அதன் உற்பத்தி நின்றபின்னும், குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே வடிவத்தில் எஞ்சின்களையும் பாகங்களையும் செய்து வந்தன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய லிஸ்டரைப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் இந்தியாவிலிருந்து பாகம் வரவழைத்தனர். பிள்ளையின் வீட்டில் தாய்க்கு மருந்து கிடைத்த கதை இது. ஆனால் வார்ப்பு மணல் ஒட்டிய பாகங்களும், அளவு சற்றே பிசகியவையும் அவற்றோடு கலந்து வந்ததுண்டு. ஆகவே வாங்கிய பாகத்தையும் அளந்த பிறகே பூட்ட வேண்டும் என்பது அவர்கள் கற்ற விதி.

இன்று முப்பரிமாண அலகீட்டுக் கருவிகளும் கணினி இயக்கும் கடைசல் எந்திரங்களும் வந்துவிட்டன. ஒரு பாகத்தின் வடிவத்தை நொடிகளில் பதிவு செய்யலாம். ஆனால் அக்கருவி தேய்ந்த வடிவத்தைத்தான் சொல்லும். தேயுமுன் எப்படி இருந்தது என்று சொல்ல மனிதர் வேண்டும். மர மாதிரி செய்யும் தச்சர், தாங்கியில் நீலச் சாயம் தடவி உரசிப் பார்த்துச் சுரண்டிப் பொருத்தும் ஃபிட்டர், காய்ச்சிய இரும்பின் நிறத்தைக் கண்டு பதம் சொல்லும் வார்ப்படத் தொழிலாளி ஆகியோரின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. பாகத்தைவிட அரிதாகி வருவது அந்த அறிவுதான்.

உங்கள் ஊரில் பழைய எஞ்சின் ஒன்று எங்கேனும் கிடந்தால், எடைக்குப் போடுமுன் சிறிது பொறுக்கச் சொல்லுங்கள். அதன் பெயர்ப் பலகையில் உள்ள எண்ணையும் ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வெர்னியர் அளவியைக் கொண்டு சில பாகங்களை அளந்து, நோட்டில் படம் வரைந்து வையுங்கள். அந்த எஞ்சினை ஓட்டிய முதியவர் இருந்தால் அவரிடம் கேட்டு எழுதுங்கள். இரும்பு தேயும், உடையும், களவும் போகும். சரியாகக் குறித்து வைத்த அளவு தேய்வதில்லை. அந்த நோட்டிலிருந்து ஒருநாள் யாரேனும் ஒரு பாகத்தைச் செய்துவிட முடியும்.